வயிற்றில் தண்ணி கோத்துக்கொண்டால்: வீட்டில் செய்ய வேண்டியவை

புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவில் வயிறு உப்பி, பாவாடை நாடா இறுக்கி, நாலு வாய்க்கே சாப்பாடு போதும் என்றால், வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். சினைப்பை, கணையம், இரைப்பை, குடல், மார்பகப் புற்றுகளில் தண்ணி கோப்பது உண்டு. குடலைப் போர்த்திய சவ்வில் புற்றணுக்கள் ஒட்டினால் நீர் கசியும், அதை வடிக்கும் நிணநீர்ப் பாதையும் அடைபடும். கல்லீரலில் புற்று பரவி அங்கே ரத்த அழுத்தம் ஏறினாலும் கோக்கும். இந்த இரண்டு வகைக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

படி 1: நோட்டு போடுங்கள்

காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மெஷினில் எடை. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, தையல் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை விட்டதும் அளவு. டேப் ஏறி இறங்காமலிருக்க முதல் நாளே தொப்புளுக்கு இரு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த செக்கப் வரை காத்திராமல் போன் செய்யுங்கள்.

வாரம் ஒருமுறை மேல்கையையும் அளக்கவும். பலர் ஏமாறுவது இங்கேதான்: வயிற்றில் நீர் கூடக்கூட கையில் தசை கரையும், மெஷினோ அதே எடையைக் காட்டும். "வெயிட் குறையல" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள்.

படி 2: தண்ணி எடுக்கும் நாள்

ஸ்கேன் பார்த்து, பெரும்பாலும் இடது அடிவயிற்றில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய குழாய் வழியே சில மணி நேரத்தில் வடிப்பார்கள். ஒரே தடவையில் பல லிட்டர் போகலாம். மூச்சுத் திணறல் அன்றே தணியும். ஆனால் புற்று அடங்காதவரை மறுபடி கோக்கும், சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே. அது டாக்டரின் தவறல்ல. அடிக்கடி எடுக்க நேர்ந்தால், வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வடிக்க நிரந்தரக் குழாய் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் வயிறு கல்லாக இறுகும்வரை தள்ளிப்போட வேண்டாம், அந்த நிலையில் பஸ்ஸில் உட்காரவே முடியாது. வீடு திரும்பியதும் துளை கசிந்தால் மறுபக்கமாகப் படுக்கவைத்து, சுத்தமான பஞ்சுத்துணி வைத்து அழுத்துங்கள். ஒரு நாளுக்கு மேல் கசிந்தால் காட்ட வேண்டும்.

படி 3: மாத்திரையும் உப்பும்

நீர் பிரிக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கல்லீரல் வகைக்கு நன்றாகக் கேட்கும், சவ்வு வகைக்குப் பெரும்பாலும் கேட்காது. எடுத்த நீரிலும் ரத்தத்திலும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்து, இரண்டுக்கும் வித்தியாசம் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரல் பக்கம் என்று கணிப்பார்கள். அந்த வகையில்தான் உப்பைக் குறைப்பதில் பலன். நாளுக்கு ஒரு டீஸ்பூன், கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் உள்ளதையும் சேர்த்து. (கடலூர்க்காரரிடம் கருவாட்டை விடச் சொல்வது லேசல்ல.) மற்றவர்களுக்கு உப்பில்லாச் சாப்பாடு போட்டுப் பசியையே கொல்ல வேண்டாம்.

இந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரிலும் அது நிறைய. பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் இளநீரை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூக்கிரட்டை, நெருஞ்சில் கஷாயமும் அப்படியே. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குடிதண்ணீரை மட்டும், டாக்டர் சொல்லாமல் குறைக்காதீர்கள்.

படி 4: சாப்பாடும் படுக்கையும்

இரண்டு மணிக்கொரு தரம், உள்ளங்கை அளவு. ஒரு டம்ளர் கஞ்சி வயிற்றை அடைக்குமே தவிர புரதம் தராது. 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். முட்டைக்கு 6 கிராம், 100 கிராம் மீனுக்குச் சுமார் 18. சாப்பிட்டதும் படுக்கவிடாமல், தலையணை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். நாடா வேண்டாம், நைட்டியோ தளர்ந்த லுங்கியோ போதும்.

உடனே கிளம்ப வேண்டியது

100.4 டிகிரி காய்ச்சல், விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சிறுநீர் சட்டென்று குறைவது, பேச்சு குழறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது. இதில் ஒன்றிருந்தாலும் இரவென்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நோட்டும் மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.