பள்ளி வானொலி: ஆண்டெனாவைப் பார்த்த பிறகே சுவிட்ச்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பள்ளிகளில் வானொலிக் கருவிகளைப் பொருத்திக் கொடுப்பது என் வார இறுதி வேலை. ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். மைக்கை ஊதிப் பார்ப்பதையும் காகிதத்தைச் சலசலக்க வைப்பதையும் அவர்களே இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள். எனவே அவை இங்கே வேண்டாம். மற்றவை இதோ.

உரிமம்

ஒலிபரப்பு உரிமம் தரும் அரசு ஆணையமான ஐகாசாவின் அனுமதி கைக்கு வரும்வரை அலைவரிசையில் ஏறாதீர்கள்.

ஆண்டெனா இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைப் போடுவது

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பள்ளி. ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வந்தவர் ஆண்டெனா கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு பையன் சுவிட்சைப் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது, ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் ஊசி ஆடியது, ஹெட்போனில் குரல் தெளிவாகக் கேட்டது. நிகழ்ச்சி முழுவதையும் நடத்தி முடித்தார்கள். வெளியே ஒரு காதிலும் எதுவும் விழவில்லை. நான் போய் மூடியைத் திறந்தபோது வெளியீட்டு டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பலகை பழுப்பேறிக் கிடந்தது. பெற்றோர் சமோசா விற்றுச் சேர்த்த பணம்!

ஹெட்போனில் கேட்பது மிக்சரின் ஒலி. காற்றில் போவது அல்ல. மேசையில் ஒரு சின்ன ரேடியோ இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். ஆண்டெனா இல்லையென்றால் சக்தி போக வழியின்றித் திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். நல்ல கருவிகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மலிவானவற்றுக்கு அந்த அறிவு கிடையாது. சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 3 காட்டினால் கால் பங்கு சக்தி திரும்பி வருகிறது என்று பொருள். 1.5க்குக் கீழே இருக்கட்டும். சோதனை செய்வதென்றால் ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடைச் செருகுங்கள். வீட்டில் மிச்சமான டிவி கேபிள் 75 ஓம். அது இங்கே உதவாது. கூரை மேலுள்ள இணைப்புகளுக்கு ரப்பர் டேப் சுற்றுங்கள், கடல் உப்பு எங்கள் ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை.

எல்லோரும் அந்தப் பையனைத் திட்டினார்கள். எனக்கு எரிச்சல் பெரியவர்கள்மேல்தான். ‘கேபிளைப் பார்’ என்று சுவிட்சுக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. புதுக் கருவி வந்த பிறகும் ஒட்டவில்லை.

வாட்டைக் கூட்டுவது

குறைந்த சக்தி உரிமத்துக்கு 1 வாட்தான் உச்சம். தூரம் போதவில்லையா, ஆண்டெனாவை உயர்த்துங்கள்.

மின்வெட்டு

கரண்ட் போனதும் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். திரும்பி வரும்போதுதான் அது கருவியைக் கொல்லும்.

தமிழ் நிகழ்ச்சி

பிள்ளைகள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் வாசிக்கிறார்கள். அதில் தவறில்லை, ஒத்திகை இல்லாமல் வாசிப்பதுதான் தவறு. 1983 முதல் இந்திய வம்சாவளியினருக்கான லோட்டஸ் வானொலியைக் கேட்டுப் பழகிய பாட்டி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். லகர ளகரம் அங்கேயே திருந்திவிடும்.

பாட்டு

பழைய பாட்டுதானே என்று போட்டுவிடாதீர்கள். இசை உரிமைகளைக் கவனிக்கும் சாம்ரோ அமைப்பிடம் முதலில் கேளுங்கள்.

கடவுச்சொல்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. தேர்வு முடிந்ததும் அவர் போய்விடுவார். ஜனவரியில் கணினியைத் திறக்க வழியில்லாமல் எனக்குத்தான் போன் வரும்.