தொப்பூர்க் கணவாய் தெரிந்தவர்கள் விமான விபத்துச் செய்தியைப் படிக்கும் முறை

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்த மறுநாள் காலையில், தருமபுரிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும்: ஓட்டுநர் தூங்கிவிட்டார். நீண்ட இறக்கமும், வளைவும், சூடேறிப் பிடிக்காமல் போன பிரேக்கும், அளவை மீறி ஏற்றிய பாரமும் அந்தத் தீர்ப்பில் இடம்பெறுவதில்லை. 'விமானியின் தவறு' என்ற செய்தியையும் நாம் அவ்வாறே படிக்கிறோம். 'சின்னக் கம்பெனி, வேறென்ன எதிர்பார்ப்பது' என்பது மட்டும் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது.

செய்தியைக் கையில் எடுத்ததும், விமானத்தை இயக்கியவர் யார் என்று பாருங்கள். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் சிறு ஊர்த் தடங்கள் பலவற்றை வட்டார நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. பயணச்சீட்டில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் விமானிக்குச் சம்பளமும் பயிற்சியும் தருவது வேறொருவர். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே விழுந்து 50 பேர் இறக்கக் காரணமான விமானம் பெரிய நிறுவனமான கான்டினென்டலின் பெயரில் பறந்தது. இயக்கியது வட்டார நிறுவனமான கோல்கன் ஏர்.

அடுத்து, தவறு நிகழ்ந்த நொடியைத் தேடி, அங்கிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். கோல்கன் விமானத்தில் வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் இருவரும் கவனிக்கவில்லை. விமானத்தைச் செலுத்தும் கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தபோது, அதை முன்னே தள்ளி விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி பின்னே இழுத்தார். அவர் முன்பே சில தேர்வுப் பறத்தல்களில் தோற்றிருந்தார் என்பதும், துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்தார் என்பதும் தெரியும்போதுதான் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இருந்த இறக்கமும் பாரமும் கண்ணுக்குப் புலப்படும்.

பறந்த மணிக்கணக்கை மட்டும் வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். இந்த விபத்தின் விளைவாக அமெரிக்காவில் 2013 முதல் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் கட்டாயமாயிற்று. ஆனால் கோல்கன் விமானிகள் இருவருமே அந்த அளவை ஏற்கெனவே தாண்டியவர்கள்! அதே 2009 அக்டோபரில், பெரிய நிறுவனமான நார்த்வெஸ்டின் அனுபவம் மிக்க விமானிகள் இருவர் மடிக்கணினியில் மூழ்கி, இறங்க வேண்டிய மினியாபோலிஸைக் கடந்து ஏறத்தாழ 150 மைல் சென்றுவிட்டனர். யாருக்கும் காயமில்லை என்பதால் அது வேடிக்கைச் செய்தியாக முடிந்தது. வட்டார விமானி இதைச் செய்திருந்தால் நாம் சிரித்திருப்போமா என்பது ஐயம்.

சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் ஏடிஆர் என்ற சிறு விமானத்தின் சுழலும் விசிறியைப் பார்த்துப் பழைய வண்டி என்று பின்வாங்குவோர் நம்மூரில் உண்டு. குறுந்தொலைவுக்கும் குறுகிய ஓடுபாதைக்கும் பொருத்தமான எந்திரம் அது. அதன் வயதை விசிறி சொல்லாது.

விசாரணை அறிக்கை வெளிவந்ததும், முடிவுரையோடு நிறுத்தாமல் பணி நேரம், பயிற்சிப் பதிவு, விமான நிலையத்தின் நிலை ஆகிய பகுதிகளுக்குச் செல்லுங்கள். 2006இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் 49 பேர் இறந்த, கோமேர் என்ற வட்டார நிறுவனத்தின் விபத்தில் விமானிகள் தவறான, குட்டையான ஓடுபாதையில் கிளம்பினார்கள் என்பதைத் தலைப்புச் செய்தியே சொல்லிவிடும். பொழுது விடியாத அந்த நேரத்தில் கோபுரத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் இருந்ததையும், ஓடுபாதைக்குச் செல்லும் வழி சில நாள்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்ததையும் அந்த உட்பக்கங்களில்தான் காண்பீர்கள்.