நனைந்த மடக்குக் கத்தி: அலகை விடுங்கள், மூட்டுப் பக்கம் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தெரு குளமானதில் என் ஸ்கூட்டரும் சேர்ந்து முங்கியது. சீட்டுக்கு அடியில் கிடந்த மடக்குக் கத்தி மூன்று நாள் சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறியிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. குழாயில் காட்டிக் கழுவினேன், லுங்கியில் துடைத்தேன், மடக்கி டிராயரில் போட்டேன். பொங்கலுக்குக் கரும்பு சீவலாம் என்று எடுத்தால் திறக்கவே வரவில்லை, நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அண்ணன் பிளையரால் பிடித்து இழுத்தார். கரகரவென்று ஒரு சத்தம், அலகு மடங்கும் மூட்டிலிருந்து காப்பிப் பொடி மாதிரி துரு உதிர்ந்தது. அலகில் ஒரு புள்ளிகூட இல்லை!

ஸ்டெயின்லெஸ் எஃகில் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் போடும், கீறல் விழுந்தால் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். மூட்டின் ஆணிக்கும் அலகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குள் காற்று போகாது, அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்தால் படலம் உடைந்தது உடைந்ததுதான். அதனால் வெளியே பளபளப்பு, உள்ளே துரு. எங்கள் அம்மாவின் அரிவாள்மனை சாதாரண இரும்பு, தினமும் நனைகிறது, இத்தனை வருஷத்தில் துரு ஏறியதில்லை. அம்மா நறுக்கி முடித்த கையோடு துடைத்துவிடுவார், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. கழுவுவது

கத்தியை முழுக்கத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள், விரலை அலகின் பாதையில் வைக்காமல். கடலில் நனைந்த கத்தி என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், பெசன்ட் நகர் பீச்சிலேயே கையிலிருக்கும் பாட்டில் தண்ணீரை ஊற்றி அலசிவிடுங்கள். வீட்டில் உப்புப் போர் தண்ணீர்தான் வருகிறது என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர்.

2. காய வைப்பது (நான் கோட்டை விட்ட இடம்)

துடைப்பது வேறு, காய வைப்பது வேறு. இது புரிய எனக்கு ஒரு கத்தி செலவானது. துணி தொடுவது வெளிப்பக்கத்தை மட்டும்தான். முதலில் கத்தியைத் திறந்த நிலையில் உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள் (முனை வெளிப்பக்கம் பார்க்க), கைப்பிடிக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும், போதுமான அளவு துடைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் சொட்டும். அப்புறம் டிஷ்யூ பேப்பரின் ஒரு மூலையைத் திரி மாதிரி முறுக்கி மூட்டின் இடுக்கில் நுழைத்து, அலகை மெதுவாக ஆட்டுங்கள். டிஷ்யூ நனைந்து வரும். புதிதாக ஒன்று முறுக்கி மறுபடி. எனக்கு முதல் தடவை ஆறு திரி ஆனது, நாலாவதில்கூட பழுப்பாகத்தான் வந்தது.

அடுத்து டபிள்யூடி-40 (WD-40) ஸ்பிரேயை மூட்டில் ஒரே ஒரு பீச்சு. அந்தப் பெயரே தண்ணீரை இடம்பெயர்ப்பது (Water Displacement) என்ற அர்த்தத்தில் வந்ததுதான், நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் 40. இடுக்கிலிருக்கும் தண்ணீரை அது தள்ளி வெளியே கொண்டுவரும். அதைத் துடைத்துவிட்டு, கத்தியைப் பாதி திறந்தபடி ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரி விடுங்கள். மழைக்காலத்துச் சென்னையில் ஒரு ராத்திரிகூடக் குறைச்சல், நான் இரண்டு விடுகிறேன்.

ஸ்குரூவைக் கழற்றிக் காய வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அது நட்சத்திர வாய் ஸ்குரூ, டி6 அல்லது டி8 பிட் வேண்டும். நான் வேறு எதையோ வைத்துத் திருகி, தலை வழுக்கி, இன்றுவரை அப்படியே இருக்கிறது. சரியான பிட் இல்லையா, தொடாதீர்கள். ஆணி அறைந்த கத்தி என்றால் இந்தக் கேள்வியே இல்லை.

3. எண்ணெய்

டபிள்யூடி-40 போட்டாச்சே, போதாதா என்றால் போதாது, அது சீக்கிரம் போய்விடும். அம்மா சொன்னது தேங்காய் எண்ணெய். அலகுக்குப் பரவாயில்லை, மூட்டுக்கு வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைகிற எண்ணெய் மூட்டுக்குள்ளும் உறையும், நாளானால் காறல் வாடை வேறு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் பிசினாகி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் ஓட்டு தையல் மெஷின் எண்ணெய்க்கு. மூட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, இருபது தடவை திறந்து மூடி, வழிவதைத் துடைத்தால் முடிந்தது.

அதே கத்தியில் பழம் நறுக்குபவர்கள் மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். கடைக்காரர் மலச்சிக்கலா என்று கேட்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே துரு இருந்தால்

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் மேலோட்டமான பழுப்பு போய்விடும். கம்பி நார் வேண்டாம், அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். பித்தளைக்குப் போடுகிற மாதிரி புளி போடலாமா? அலகில் போட்டு உடனே அலசலாம், மூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உள்ளே தங்கிய புளிப்பே அடுத்த துருவுக்கு வழி. கார்பன் எஃகுக் கத்தியில் மாங்காய் நறுக்கியதும் வருகிற சாம்பல் கறுப்பு துரு இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: லிக்விட் பாரஃபின் கேட்டு வெள்ளையாகப் பால் மாதிரி ஒன்றை இரண்டு பேர் வாங்கி வந்திருக்கிறார்கள். அது மில்க் ஆஃப் மக்னீசியா கலந்தது, கத்திக்கு ஆகாது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: மரக் கைப்பிடி. ஒபினெல் (மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி) மாதிரிக் கத்திகளில் மரம் தண்ணீர் குடித்து ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே துரு காரணமில்லை, பிளையரும் தேவையில்லை. அலகைப் பூட்டும் லாக் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்பக்க நுனியை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். இல்லையென்றால் நிழலில் நாலைந்து நாள் விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஒரு நண்பர் மொட்டைமாடி வெயிலில் வைத்தார். மரம் நீளவாக்கில் வெடித்து, இப்போது அதில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறார்.