போட்ஸ்வானா சஃபாரி: மழையில்லாத மாதங்களில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்ஸ்வானாவுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மே முதல் அக்டோபர் வரை, மழை இல்லாத மாதங்களில். பதில் சரிதான். ஆனால் அந்த ஆறு மாதமும் ஒன்று போலவே இருக்கும் என்று நம்பி டிக்கெட் எடுப்பதில்தான் பலருடைய திட்டம் கோணலாகிறது. மே மாதம் போய் வந்தவர் சொல்வதும் அக்டோபரில் போய் வந்தவர் சொல்வதும் ஒத்தே வராது. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எந்த மாதத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாதத்தையும் இடத்தையும் தனித்தனியாக முடிவு செய்வதுதான் முதல் தவறு.

ஏப்ரல் வாக்கில் மழை நின்றுவிடும். ஆனால் காட்டுக்குள் இருக்கும் குட்டைகளில் இன்னும் சில மாதங்களுக்குத் தண்ணீர் கிடக்கும். புல்லும் உயரமாக இருக்கும். விலங்குகள் ஆற்றைத் தேடி வர அவசியமே இல்லை, காடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட் ஆக ஆகக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும், புல் காய்ந்து மடியும், புதர்கள் இலை உதிர்க்கும். அப்போதுதான் யானையும் எருமையும் வரிக்குதிரையும் சோபே, லின்யான்டி, குவாய் ஆறுகளை நோக்கி வரத் தொடங்கும். 2022இல் வானிலிருந்து எடுத்த கணக்கெடுப்பின்படி போட்ஸ்வானாவில் மட்டும் 1,30,000 யானைகளுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும் கூட்டங்களை ஆற்றங்கரையில் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரைதான் காலம்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறை மே மாதத்தில் வருகிறது. அதற்காக மே மாதத்தை ஒதுக்க வேண்டாம். காடு பச்சையாக இருக்கும், தூசி கிடையாது, பல முகாம்களில் ஜூலைக்குப் பிறகு கேட்கும் கட்டணத்தைவிடக் குறைவாகக் கேட்பார்கள். சோபே கரையில் நூற்றுக்கணக்கில் யானைகள் நிற்கும் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு மே மாதம் கூட்டிப் போகாதீர்கள், அவ்வளவுதான். மாறாக, அக்டோபர் என்றால் விலங்குகள் கண்ணில் படுவதற்குக் குறைவே இல்லை. ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும், புகை மூட்டத்தில் வானம் வெளிறிப் போயிருக்கும், மதியம் கூடாரத்துக்குள் உட்கார முடியாது. வயதான பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால் அக்டோபர் வேண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் நடுவரை. காட்டு நாய்களைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பவர்கள் ஜூன், ஜூலையிலேயே போகலாம். அப்போது அவை குட்டி போட்டு வளையை ஒட்டியே இருக்கும், தேடி அலைய வேண்டியதில்லை.

ஒகவாங்கோவைத் தப்புக் கணக்குப் போடாதீர்கள்

ஒகவாங்கோ கழிமுகத்தில் வெள்ளம் வருவது மழைக்காலத்தில் அல்ல. மழை பெய்வது வடக்கே அங்கோலாவின் மேட்டு நிலத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களில். அந்தத் தண்ணீர் ஆறுகள் வழியாக இறங்கி, ஏறக்குறைய சமதளமான நிலத்தில் நாணலுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து, தெற்கு முனையில் இருக்கும் மாவுன் நகரத்தை எட்டும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும். அதாவது சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கும் நேரத்தில்தான் கழிமுகத்தில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். கடலைச் சேராமல் மணலிலேயே முடிந்துவிடும் இந்த ஆற்றின் கழிமுகம் 2014இல் யுனெஸ்கோவின் 1000ஆவது உலகப் பாரம்பரிய இடமாகப் பட்டியலில் சேர்ந்தது.

இது தெரியாததால் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். சிலர் ஜூலையில் தண்ணீர் நடுவே இருக்கும் தீவு முகாமைப் பதிவு செய்துவிட்டு, தினமும் ஜீப்பில் சிங்கம் தேடலாம் என்று நினைக்கிறார்கள். அங்கே ஜீப் ஓட நிலமே இருக்காது, படகுதான். வேறு சிலர் மொக்கோரோ படகில் போக ஆசைப்பட்டு அக்டோபர் கடைசியில் போய் இறங்குகிறார்கள். அதற்குள் பல கால்வாய்கள் சுருங்கிச் சேறாகியிருக்கும். மொக்கோரோ என்பது ஒடுக்கமான நீண்ட படகு. முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். படகோட்டி பின்னால் நின்றபடி நீளமான கோலை ஊன்றித் தள்ளுவார். நீங்கள் உட்கார்ந்திருப்பது தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. நாணல் தண்டில் ஒட்டியிருக்கும் நகத்தளவுத் தவளை கண்ணுக்கு நேராக வரும். அதை அனுபவிக்கத் தண்ணீர் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் 2019 போன்ற வறட்சி ஆண்டுகளில் வெள்ளம் சரியாகவே வரவில்லை.

அதனால் முகாமுக்கு எழுதும்போது அறையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: நாங்கள் வருகிற வாரத்தில் உங்கள் முகாமிலிருந்து ஜீப் போகுமா, மொக்கோரோ போகுமா, மோட்டார் படகு போகுமா? நேரான பதில் வராத முகாமை விட்டுவிடலாம். முடிந்தால் இரண்டு இரவு தண்ணீர்ப் பக்கம், மூன்று இரவு குவாய் அல்லது மொரேமி வனவிலங்குக் காப்பகத்தின் நிலப்பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியா அருவியையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு

சோபே ஆற்றங்கரை ஊரான கசானேயிலிருந்து அருவி சுமார் 80 கி.மீ. தூரம்தான், அதனால் எல்லோரும் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்க்க வேண்டியதுதான். ஆனால் யானைக்கு நல்ல மாதம் அருவிக்கு நல்ல மாதம் இல்லை. ஜாம்பேசி ஆறு ஏப்ரல் வாக்கில் பெருக்கெடுத்து ஓடும், அப்போது சாரலில் அருவியே சில நேரம் மறைந்துவிடும். அக்டோபர், நவம்பரில் நீர் மிகவும் குறைந்து, சாம்பியா பக்கம் நீளத்துக்கு வெறும் கரும்பாறைதான் தெரியும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஜிம்பாப்வே பக்கம் நின்று பாருங்கள், அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும். அருவி விளிம்பில் இருக்கும் டெவில்ஸ் பூலில் இறங்க நினைப்பவர்களுக்கு மட்டும் நீர் குறைந்த காலம்தான் தோது. இரண்டும் ஓரளவு நன்றாக வேண்டும் என்றால் ஜூன், ஜூலை.

கலஹாரி பாலைவனம், மக்கடிக்கடி உப்புச் சமவெளி விஷயமும் இதே மாதிரிதான். ஆயிரக்கணக்கில் வரிக்குதிரைகள் உப்புச் சமவெளியில் நடக்கும் படங்கள் மழைக்காலத்தில் எடுத்தவை. வறண்ட மாதங்களில் அவை மேற்கே பொட்டெட்டி ஆற்றங்கரைக்கு வந்துவிடும். ஜூலையில் உப்புச் சமவெளிக்குப் போனால் கிடைப்பது வேறு: கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை, இரவில் நட்சத்திரம். அது வேண்டுமென்றே போகிறவர்களுக்கு அருமையான இடம்.

குளிரை நம்ப மாட்டேன் என்பவர்கள்

ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டையும் அரைக்கால் டவுசரும் எடுத்து வைக்கிறார்கள். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் 25 டிகிரி இருந்தாலும் விடியற்காலையில் 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், கலஹாரியில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். சஃபாரி ஜீப்புக்குக் கண்ணாடியும் கிடையாது, கதவும் கிடையாது. விடிந்தும் விடியாத நேரத்தில் அது கிளம்பும்போது முகத்தில் அடிக்கும் காற்றுதான் உண்மையான குளிர். நல்ல முகாம்களில் மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பையும் கம்பளியும் தருவார்கள். அதையே நம்பிப் போகாதீர்கள். டிசம்பரில் ஊட்டிக்குப் போவது போல எடுத்துப் போங்கள்: காதை மூடும் குல்லா, கையுறை, காற்று புகாத ஜாக்கெட். பத்து மணிக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். கைவிரல் விறைத்துப் போனால் கேமரா பட்டனைக்கூட அழுத்த முடியாது, சிறுத்தை வருவதோ அந்த நேரத்தில்தான்.

உடையில் இன்னொன்று. ராணுவத்தினர் அணியும் பச்சைத் திட்டு டிசைன் உள்ள சட்டை, தொப்பி எதுவும் வேண்டாம். ஜிம்பாப்வே, சாம்பியாவில் பொதுமக்கள் அதை அணியவே தடை இருக்கிறது.

சொந்தமாக வண்டி ஓட்டிப் போவது

மாவுனிலிருந்து மொரேமி, சவூட்டி வழியாக கசானே சுமார் 400 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் ஒரு நாள் வேலை போலத் தெரியும். நம் நெடுஞ்சாலைக் கணக்கில் ஏழு மணி நேரம் என்று போட்டுவிடுவார்கள். அதில் பெரும்பகுதி மணல் தடம். ஒரே நாளில் ஓட்டினால் எதையும் பார்க்க முடியாது, ஓட்டுகிறவருக்கு முதுகும் போய்விடும். நடுவில் பெட்ரோல் நிலையமே கிடையாது. இரண்டு முனையிலும் டேங்க்கை நிரப்பி, கூடுதல் கேனும் வைத்துக்கொள்ள வேண்டும். மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு வண்டியில் சின்ன கம்ப்ரஸர் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே திறந்து பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு தார்ச்சாலையிலும் ஓட்டாதீர்கள். மாடும் கழுதையும் சாலையிலேயே படுத்திருக்கும்.

கூடாரம் அடிக்கும் இடங்களைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது பெரிய தவறு. இடங்கள் கொஞ்சம்தான், வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துகின்றன, ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜூன் கடைசி, ஜூலையில் தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். பல மாதங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். இந்த இடங்களுக்கு வேலி கிடையாது. கழுதைப்புலி இரவில் வந்து வெளியே விட்ட செருப்பைத் தூக்கிப் போகும். சாப்பாடு, குப்பை எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டுங்கள். ஆரஞ்சுப் பழம் மட்டும் வண்டிக்குள்ளும் வேண்டாம், அந்த வாசனைக்கு யானை கதவையே பெயர்க்கப் பார்க்கும். கால்நடை நோய் பரவாமலிருக்கப் போட்ட வேலிகளில் சோதனைச் சாவடி இருக்கும், வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கேற்ற மாதிரி சமையலைத் திட்டமிடுங்கள்.

தேசியப் பூங்காவில் தடத்தை விட்டு வண்டியை இறக்கக் கூடாது, இரவில் ஓட்டக் கூடாது. தடத்தை விட்டு விலகிச் சிறுத்தையைப் பின்தொடர்வது, இரவு சஃபாரி, காட்டில் நடப்பது எல்லாம் பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியே உள்ள தனியார் குத்தகைக் காடுகளில்தான். கட்டணம் பல மடங்கு. எல்லா இரவையும் அங்கே கழிக்கப் பணம் இல்லாவிட்டால், கடைசி இரண்டு இரவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

காண்டாமிருகத்துக்காகப் போகிறவர்கள் கவனிக்க: கள்ள வேட்டையால் போட்ஸ்வானாவின் திறந்த காடுகளில் அவை மிகவும் குறைந்துவிட்டன. செரோவே அருகே உள்ள காமா சரணாலயம் அல்லது பக்கத்து நாடான நமீபியாவின் எட்டோஷா, அங்கே பாருங்கள்.

பெட்டி, காகிதம், ஊசி

காட்டு முகாம்களுக்குப் போகும் சின்ன விமானத்தில் கேபின் பையும் சேர்த்துப் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோதான். எடையைவிட முக்கியம் பையின் வகை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி விமானத்தின் அடிவயிற்று அறைக்குள் நுழையாது, அமுக்கினால் அமுங்கும் துணிப்பை வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போகிறவர்கள், சென்னையிலிருந்து மாவுன் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கலாம், அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும். மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்தத் தலைவலி பெரிது. போட்ஸ்வானாவுக்கும் விசா உண்டு. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் கேட்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போட முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. மலேரியா வறண்ட மாதங்களில் குறைவுதான், இல்லாமல் போவதில்லை. மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். பல முகாம்கள் சின்னப் பிள்ளைகளை ஏற்பதில்லை, ஏற்றாலும் மொக்கோரோவில் ஏற்ற மாட்டார்கள். வயதைச் சொல்லிக் கேட்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.

அப்புறம் சாப்பாடு. காட்டு முகாம்களுக்குக் காய்கறி மாவுனிலிருந்து லாரியிலோ விமானத்திலோ போகிறது, பக்கத்தில் கடை கிடையாது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். வெறும் சைவம் என்று எழுதினால் போதாது. முட்டை சேர்ப்பீர்களா, மீன் வேண்டாமா, இறைச்சி வேகவைத்த சாறு சூப்பில் இருக்கலாமா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். முன்பே தெரிந்தால் பருப்பும் சோறும்கூடச் செய்து தரத் தயாராக இருக்கும் சமையல்காரர்கள் அங்கே உண்டு.