துன்ப நேரத்தில் விசுவாசம்: ஆறுதல் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

வீட்டில் ஒரு சாவு. வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க, நாம நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படக் கூடாது" என்கிறார். கேட்டவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அழுதால் விசுவாசம் குறைவு என்று ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஆனால் 1 தெசலோனிக்கேயர் 4:13-இல் பவுல் அழ வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல அழ வேண்டாம் என்கிறார். இரண்டுக்கும் நிறைய தூரம் உண்டு. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போவதைச் சீஷர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இயேசு பெத்தானியாவுக்குப் போனார். போன இடத்தில், மரியாள் அழுவதைக் கண்டு, அவரும் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவரே அழுதிருக்கிறார் என்றால் நமக்கென்ன தடை?

ஜெபத்திலும் இதே நாடகம் நடக்கிறது. உள்ளே கோபம் கொதிக்க, வாய் ஸ்தோத்திரம் சொல்கிறது. 13-ஆம் சங்கீதத்தின் முதல் 2 வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி 4 முறை வருகிறது. ஆனாலும் அந்தச் சங்கீதம் துதியில் போய் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது. அதை யாரும் திருத்தி எழுதவில்லை, வேதத்திலிருந்து எடுத்துவிடவும் இல்லை. சொந்த வார்த்தை வராத நாளில் இந்த இரண்டில் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கட்டாயத்துக்கு ஒரு நன்றி சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்தது, என் கணக்கில் மிகக் கொடிய தவறு: "எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை?" என்று குடைவது. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பேச ஆரம்பித்த பிறகு, பக்கம் பக்கமாகக் காரணம் கண்டுபிடித்தார்கள். கடைசியில் கர்த்தரின் கோபம் பிறந்த நாளைச் சபித்த யோபுவின்மேல் மூளவில்லை, கர்த்தருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல் மூண்டது. இயேசுவும் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்றார். நம் செய்கையின் விளைவாக வரும் துன்பமும் உண்டுதான். குடித்துக் கெட்ட ஈரலுக்கு யாரும் மர்மக் காரணம் தேடுவதில்லை. ஆனால் குழந்தையின் நோய்க்குத் தாயின் பழைய பாவத்தைத் தோண்டுவது ஆறுதல் ஆகாது, வதை.

வசனத்தைப் பாதியில் நறுக்கி எடுத்துக்கொள்வதும் உண்டு. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 எல்லாச் சுவரிலும் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறை போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. அடுத்த வாரமே எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டவர், வாரம் கழிந்ததும் உடைந்துபோவார். அதுபோலவே, "தாங்க முடியாததைக் கர்த்தர் தரமாட்டார்" என்ற பேச்சு. அதற்கு ஆதாரமாகக் காட்டும் 1 கொரிந்தியர் 10:13, விக்கிரகாராதனை போன்ற பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. துன்பத்தைப் பற்றிப் பேசும்போது அதே பவுல், ஆசியாவில் எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று 2 கொரிந்தியர் 1:8-இல் ஒளிக்காமல் எழுதுகிறார். தாங்க முடியவில்லை என்று சொல்பவரிடம் "முடியும்" என்று வாதாடாதீர்கள்.

பொருத்தனைப் பேரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இத்தனை நாள் உபவாசம், இவ்வளவு காணிக்கை, பதிலுக்குச் சுகம் என்பது ஒப்பந்தம். பவுல் 3 முறை வேண்டியும் அவர் 'முள்' என்று சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை; "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லையே.

கடைசியாக, உடம்பை மறந்துவிடுவது. "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டு எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. தின்றான், குடித்தான், மறுபடி தூங்கினான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலை வரைக்கும் பயணம். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கும் பின்னால்தான் வந்தது.

தூக்கமில்லாமல், சாப்பிடாமல் வாரக்கணக்கில் கிடப்பவரை இன்னும் ஒரு முழு இரவு ஜெபத்துக்கு இழுப்பதைவிட மருத்துவரிடம் கூட்டிப்போவது நல்லது. மாத்திரை எடுப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது. பவுலோடு கூட இருந்த லூக்காவே வைத்தியன்தான். எலியா கேட்டதை நீங்களும் கேட்கத் தொடங்கியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போதகரிடமோ வீட்டில் ஒருவரிடமோ அதை அப்படியே சொல்லி, மருத்துவரிடம் உடன் வரச் சொல்லுங்கள்.