மிஞ்சிய தாளும் துணியும் பழைய முக்காலிக்கும் நாற்காலிக்கும்

கைவேலை செய்கிறவர்களின் வீட்டில் ஒரு டப்பா கட்டாயம் இருக்கும். பாதி தீர்ந்த அக்ரிலிக் பெயின்ட், உள்ளங்கை அகலத் துணித்துண்டுகள், ஒரு முழம்கூடத் தேறாத லேஸ், ஜோடி இல்லாத பொத்தான்கள், பூப்போட்ட தாள்கள் என அதில் இல்லாதது எதுவும் இராது. அதே வீட்டின் மூலையில் மேல்பூச்சு உரிந்த முக்காலியும் துணி நைந்த நாற்காலியும் கிடக்கும். இரண்டையும் சேர்த்துவைக்க விரும்பும் பலர் முதலில் சாமானைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு போதாத பொருளை வாங்கக் கடைக்குப் போகிறார்கள். வேலை முடியும்போது டப்பா முன்னைவிட நிரம்பியிருக்கிறது. ஆகவே டப்பாவை முதலில் கவிழ்த்து, இருப்பதை அளந்து, அந்த அளவுக்குள் அடங்கும் சாமானை எடுப்பதே சரியான வரிசை.

அளப்பது கடினமன்று. 30 செ.மீ. விட்டமுள்ள வட்ட முக்காலியின் மேற்பரப்பு சுமார் 707 சதுர செ.மீ.; ஒரு ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர செ.மீ. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் ஓரத்தில் மடங்குவதையும் சேர்த்தால் இரண்டு தாள் தாராளம். 12 செ.மீ. சுற்றளவுள்ள காலில் 10 செ.மீ. உயரத்துக்கு 3 மி.மீ. தடிமன் கம்பளி நூலைச் சுற்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ 33 சுற்று, அதாவது 4 மீட்டர் நூல் போதும்.

முக்காலியிலிருந்தே தொடங்கலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு 120 எண் உப்புத்தாளாலும், அதன்பின் 220 எண்ணாலும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பழைய வார்னிஷை முழுவதும் உரித்தெடுக்க வேண்டியதில்லை. பளபளப்பு போய், சாய்ந்து பார்த்தால் மேற்பரப்பு எங்கும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் போதும். இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை சோம்பல்பட்டேன். தேய்க்காமல் பெயின்ட் அடித்த அந்த முக்காலியில், இரண்டே வாரத்தில் நகம் பட்ட இடமெல்லாம் பெயின்ட் பிளாஸ்டிக் உறைபோல் உரிந்து வந்தது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பல பத்தாண்டுகளுக்கு முன் பூசப்பட்ட பெயின்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் அந்தச் சாமானை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது; அதன் தூசு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பெருங்கேடு.

தேய்த்த தூசை ஈரத்துணியால் எடுத்தபின் தாள் ஒட்டும் வேலை. வெள்ளைப் பசை மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் தூரிகையில் இழுபடாமல் பரவும். தாளைக் கத்தரிப்பதைவிடக் கையால் கிழிப்பது நல்லது என்பேன். கிழித்த ஓரம் நாராக மெலிந்திருப்பதால் அடுத்த துண்டோடு இணையும் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்க்ஜெட் பிரின்டரில் அச்சிட்ட தாளை மட்டும் தவிர்க்கவும். பசையின் ஈரத்தில் அதன் மை பெரும்பாலும் கசிந்துவிடும்.

மரத்திலும் தாளின் பின்புறத்திலும் பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் நீவி ஒட்ட வேண்டும். தாள் ஈரத்தில் விரிந்து, உலரும்போது சுருங்கும். அதனால் ஒட்டிய உடனே தெரியும் சிறு சுருக்கங்களைக் கண்டு பதறி இழுத்தால் தாள் கிழியுமே தவிரச் சரியாகாது; பெரும்பாலானவை உலரும்போது தாமாகவே இறுகிவிடும். மறுநாளும் காற்றுக்குமிழி எங்கேனும் எஞ்சியிருந்தால், பிளேடு நுனியால் சிறு கீறல் போட்டு, ஊசி முனையில் பசையை உள்ளே விட்டு அழுத்தினால் அடங்கிவிடும். வெள்ளைப் பசை தண்ணீர் பட்டால் இளகக்கூடியது என்பதால் வார்னிஷ் அவசியம். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (வாட்டர்-பேஸ்ட்) வார்னிஷை மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் பூசவும். தொட்டால் உலர்ந்தது போலிருந்தாலும் அது உள்ளே முழுதாக இறுக மூன்று வாரம் வரை ஆகலாம். அதுவரை சூடான பாத்திரத்தையோ கனமான பொருளையோ அதன்மேல் வைத்தால் அடித்தடம் பதிந்துவிடும்.

துணித்துண்டுகளுக்கு ஏற்றது நாற்காலியின் இருக்கை. பல நாற்காலிகளில் இருக்கைப் பலகையை அடியிலுள்ள நான்கு ஸ்குரூக்களே பிடித்திருக்கும். அதைக் கழற்றி, பழைய துணியைக் கிழிக்காமல் எடுத்தால் அதுவே வெட்டுவதற்கு அளவாகும். துண்டுகளை 1 செ.மீ. தையல் விட்டு இணைத்து, எடை தாங்குவதற்காக அடியில் ஒரு முழுத்துணியை வைத்துத் தைத்து, பலகையைவிட நாற்புறமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளவும். ஸ்டேப்ளர் கன்னால் ஒரு பக்கத்தின் நடுவில் ஒன்று, அதற்கு நேரெதிரே ஒன்று என அடித்து, பிறகே ஓரங்களை நோக்கி நகர வேண்டும். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் கட்டங்கள் சாய்ந்துபோகும். மூலைகளைக் கடைசியில் மடித்து அடித்தால் போதும்.

பொத்தான்களைப் படச்சட்டத்தின் ஓரத்திலும், லேஸை அலமாரித் தட்டின் விளிம்பிலும் ஒட்டிவிடலாம். அதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. லாம்ப் ஷேட்டில் ஒட்டுவதாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுவதால் க்ளூ கன் பசை இளகும், தாளும் துணியும் கருகக்கூடும், எல்.இ.டி. பல்பையே போட வேண்டும். ஒட்டுவதற்கு முன் லேஸைக் குண்டூசியால் தற்காலிகமாகக் குத்தி, இருட்டில் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பகலில் கண்ணில் படாத மடிப்பும் தையல் விளிம்பும் அப்போது சுவரில் கறுப்புக் கோடுகளாக விழும்.