மலையில் வானிலை மாறும்போது: குழு மலையேற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேற்றக் குழு ஒன்று மழையிலோ பனியிலோ சிக்கி உயிரிழப்பு நேரும்போதெல்லாம் 'எதிர்பாராத வானிலை மாற்றம்' என்றே செய்தி வருகிறது. இமயமலையானாலும் மேற்குத் தொடர்ச்சி மலையானாலும் வானிலை மாறுவது அங்கே அன்றாட நிகழ்வு. அது மாறும் நேரத்தில் ஒரு குழு எப்படி நடந்துகொள்ளும் என்பது பெரும்பாலும் ஊரிலேயே, பயணச்சீட்டு எடுக்கும்போதும் ஆட்களைச் சேர்க்கும்போதும் பையை அடுக்கும்போதும், முடிவாகிவிடுகிறது. ஆகையால் தவறுகளையும் அங்கிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும்.

2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மலையேறுவோர் கூட்டம் மிகுந்திருக்கும் மாதம் அது. இரண்டு நாள் கழித்து, 14ஆம் தேதி, அந்தப் புயலின் எச்சம் சுமார் 1,200 கிலோமீட்டர் வடக்கே சென்று, 5,416 மீட்டர் உயரமுள்ள தொரங் லா கணவாயிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பனிப்புயலாகக் கொட்டியது. மலையேறிகள், வழிகாட்டிகள், சுமைதூக்குவோர், உள்ளூர் மக்கள் என 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் கணவாயைத் தாண்டி இறங்கினால் வருவது முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் வணங்குகிற, தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பலர் சென்று வருகிற தலம். வங்கக் கடலில் புயல் உருவானதும், அது எங்கே கரையேறியது என்பதும் அதற்கு முன்பே உலகறிந்த செய்திகள். ஆயினும் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தவர்களில் பலருக்கு அச்செய்தி சென்று சேரவில்லை. அன்று காலை கண்ணுக்குத் தெரிந்த வானத்தை மட்டும் நம்பி அவர்கள் கணவாய்க்குக் கிளம்பினார்கள்.

முதல் தவறு இதுதான். நாம் செல்லும் இடத்தின் வானிலையை மட்டும், அதுவும் அருகிலுள்ள ஊரின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது போதாது. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கும் உத்தரகாசியில் 25 டிகிரி என்று கைப்பேசி காட்டினால், 4,400 மீட்டரில் அதே நேரத்தில் ஏறக்குறைய 4 டிகிரிதான் இருக்கும். அதன்மேல் காற்றும் ஈரமும் சேர்ந்துவிட்டால் உடம்பு உணரும் குளிர் உறைநிலைக்கும் கீழே போகும். சிக்னல் இல்லாத பாதையில் நான்கைந்து நாட்கள் நடக்கும் குழு, கிளம்பிய நாளில் பார்த்த முன்னறிவிப்பை ஐந்தாம் நாள் வரை நம்பியிருப்பது ஆபத்தானது. வழியில் உள்ள கிராமங்களிலும் சோதனைச் சாவடிகளிலும், எதிரே இறங்கி வரும் குழுக்களிடமும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். இதற்காகச் செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். இந்தியாவில் அரசின் முன் அனுமதியின்றி அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, பயணத் திட்டத்தில் உபரி நாள் வைக்காதது. என் கருத்தில் எல்லாத் தவறுகளிலும் மிகப் பெரியது இதுவே. வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து கிளம்பி, அடுத்த ஞாயிறு மாலை டெல்லியில் விமானம் ஏறி, திங்கள் காலை அலுவலகத்தில் இருப்பதாகத் திட்டமிட்ட குழுவால், பெருமழையில் ஒரு நாள் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. வழிகாட்டி இன்று வேண்டாம் என்று சொன்னாலும், "டிக்கெட் போய்விடும்" என்ற குரல் குழுவில் எழத்தான் செய்யும். ஐந்து நாள் நடைக்கு ஒரு நாளாவது உபரியாக ஒதுக்க வேண்டும். அந்த நாள் தேவைப்படாமல் போனால் இறங்கி வந்து ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்.

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் உத்தரகண்டின் சஹஸ்திரதால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்ட 22 பேர் குழு திரும்பும் வழியில் மோசமான வானிலையில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தனர், எஞ்சிய 13 பேர் மீட்கப்பட்டனர். அது கோடைக்கால மலையேற்றப் பருவம் என்பதைக் கவனிக்க வேண்டும். பருவம் சரியாக இருப்பதால் பனிப்புயல் வராது என்று எண்ணுவதும், உச்சியைத் தொட்டுவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் பரவலாக உள்ள தவறுகள். உடல் களைத்திருக்கும் இறக்கத்தில்தான் குளிர் எளிதில் வெல்கிறது.

மலையில் காலை தெளிவாக இருப்பதும் பிற்பகலில் மேகம் கூடுவதும் வழக்கம். வெயிலில் சூடாகும் சரிவுகளிலிருந்து ஈரக்காற்று மேலே கிளம்பி, குளிர்ந்து, மழையாகவும் இடியாகவும் திரும்புகிறது. ஆகவே கணவாயையோ முகட்டையோ நண்பகலுக்குள் கடந்துவிடும்படி விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் இருந்த இடத்திலிருந்தே திரும்புவது என்பதையும் முந்தைய இரவே எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். களைப்பும் ஆசையும் மிகுந்த நேரத்தில், உச்சி கண்ணெதிரே தெரியும்போது, அந்த முடிவைப் புதிதாக எடுக்க யாராலும் இயலாது.

இன்று பல குழுக்கள் நண்பரின் நண்பர் என்று வாட்ஸ்அப்பில் சேர்ந்தவை. யாருக்கு ஆஸ்துமா, யார் முதன்முறை வருகிறார், யாருக்கு நீச்சல் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. யார் சொல்வது முடிவு என்பதும் பேசப்பட்டிருக்காது. வானிலை கெடும்போது வேகமாக நடப்பவர்கள் முகாமை எட்டிவிட வேண்டும் என்று முன்னே ஓடுகிறார்கள். மெதுவாக நடப்பவர்கள் மூடுபனியில் பின்தங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரே குழு மூன்றாகப் பிரிந்துவிடும். பாதை தெரிந்தவர் முன்னால், வழியை நன்கறிந்த இன்னொருவர் கடைசியில், நடையின் வேகம் குழுவிலேயே மெதுவானவரின் வேகம் என்ற ஒழுங்கை முதல் நாளே பழக்கப்படுத்த வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோரிடத்திலும் நின்று தலை எண்ண வேண்டும். தொடர்ந்து செல்ல எல்லாரும் சம்மதிக்க வேண்டும். திரும்புவதற்கு ஒருவர் சொன்னாலே போதும் என்பதும் நல்ல விதி.

உடை பற்றிய தவறுகள் எளியவை, ஆனால் உயிர் பறிப்பவை. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நீரை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. ரெயின்கோட்டைப் பையின் அடியில் வைத்துவிட்டு, தூறல்தானே என்று நடந்து, நனைந்தபின் எடுத்து மாட்டுவதால் பெரிய பயனில்லை. அதைப் பையின் மேலேயே வைத்து, முதல் துளி விழும்போதே அணிய வேண்டும். இரவில் போட்டுக்கொள்ளும் ஒரு கம்பளி உடையும் காலுறையும் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் கட்டப்பட்டு, எந்தச் சூழலிலும் நடையின்போது எடுக்கப்படாமல் இருக்க வேண்டும்.

நனைந்த உடலில் குளிர் புகும் விதத்தைக் குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலையை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் கடுமையான நடுக்கம் வரும். பிறகு விரல்கள் சொல்பேச்சுக் கேட்காது. ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுக்க ஒருவர் திரும்பத் திரும்ப முயன்று, முடியாமல் அப்படியே விட்டுவிடுவார். கால் இடறும், பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், "என்னை விடுங்கள், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்" என்பார். மேலும் முற்றும்போது நடுக்கம் நின்றுவிடும். தேறிவிட்டார் என்று கூட இருப்பவர்கள் நிம்மதியடைவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும் வலுவையே அந்த உடல் இழந்துவிட்டது. சிலர் சூடாக இருப்பதாக உணர்ந்து உடையைக் களைவதும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது என்பதால், இருவர் இருவராகப் பிரிந்து ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு தேவை.

இந்த நிலையில் இருப்பவரை நடக்க வைத்துச் சூடேற்ற முயல்வதும், கைகால்களை அழுத்தித் தேய்ப்பதும், பிராந்தி கொடுப்பதும் கேடு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியேற்றும். செய்ய வேண்டியது: காற்றுப் படாத இடத்தில் கூடாரம் போட்டு, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடை அணிவித்து, தரைக்குளிர் ஏறாதபடி அடியில் விரிப்புகளை அடுக்கி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, மார்பிலும் அக்குளிலும் வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றி வைப்பது. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கலந்த சூடான பானம் தரலாம்.

நம் பக்கத்து மலைகளில் பனியைவிடக் காட்டாறுதான் பேரிடர். சதுரகிரிக்குச் செல்வோருக்கு இது தெரியும்: அடிவாரமான தாணிப்பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழையால் ஓடைகளில் வெள்ளம் இறங்கிவிடும், அதனால்தான் மழை நாட்களில் வனத்துறை பாதையை மூடுகிறது. நீர் திடீரெனக் கலங்கி, இலைதழை மிதந்து வந்தால் மேலே வெள்ளம் கிளம்பிவிட்டது என்று பொருள். முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் நீரில் இறங்கவே கூடாது. உடம்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடப்பது பாதுகாப்புப் போலத் தோன்றினாலும், கால் தவறியதும் அந்தக் கயிறே ஆளை நீருக்கடியில் பிடித்து வைத்துவிடும். சிற்றோடைகள் ஏறிய வேகத்திலேயே வடியவும் செய்யும். மேட்டில் சில மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

மின்னலைப் பொறுத்தவரை ஒரு கணக்கு போதும். ஒளி தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை வினாடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். முப்பது வரை எண்ணுவதற்குள் இடி கேட்டால் முகட்டைவிட்டு இறங்கி, தனிமரத்தையும் ஆழமற்ற பாறைக் குடைவையும் தவிர்த்து, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுத் தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே நடக்கலாம்.

அனுமதி பெறாமல், வனத்துறைக்குத் தெரியாத வழியில் ஏறும் குழுவைத் தேட யாருக்கும் தோன்றாது. 2018 மார்ச் மாதக் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 முதல் தமிழ்நாடு அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் வழியாக வழிகாட்டியுடன் முன்பதிவு செய்து செல்ல முடிகிறது. எங்கே சென்றாலும், குழுவினரின் பெயர்ப்பட்டியல், பாதை, ஒவ்வோர் இரவும் தங்கும் முகாம், வழிகாட்டியின் எண் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அந்த நேரத்தைக் குறிக்கும்போது உபரி நாளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்போதுதான் மழைக்காக ஒரு நாள் முகாமில் தங்கிவிட முடிவெடுக்கும் குழு, வீட்டில் பதறுவார்களே என்ற கவலையால் அவசரப்பட்டு இறங்காது.